ஆட்டம் அன்று, என்100 இன்று

2008 ஜூனில் இன்டெல் நிறுவனம் ‘ஆட்டம் என்270’ என்ற செயலியை வெளியிட்டது. 2023 ஜனவரியில் அதே நிறுவனத்திலிருந்து ‘என்100’ வந்தது. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: கடையில் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் மடிக்கணினியை ஓட்டுவது. முதல் கணினி வாங்கும் குடும்பம், கல்லூரியில் சேரும் பிள்ளை, கணக்கு எழுதும் சிறு கடைக்காரர் என்று, இருபதாயிரம் ரூபாயை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்களின் கைக்கு வந்து சேர்வது இந்த ரகச் செயலிதான். பதினான்கரை ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்தது என்ன, கைநழுவியது என்ன என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் கணக்காகப் பார்க்கலாம்.

முதலில் எண்கள். என்270இல் இருந்தது ஒரே ஒரு கோர். அது ஒரே சமயத்தில் இரண்டு த்ரெட்களை, அதாவது இரண்டு கட்டளை ஓட்டங்களைச் சமாளித்தது. வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். என்100இல் நான்கு கோர்கள். உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். அன்று கேஷ் 512 கிலோபைட். இன்று 6 மெகாபைட். அன்று 32 பிட். கூட வந்த சில்லுத் தொகுப்பின் வரம்பால் 2 ஜிபிக்கு மேல் ரேம் போட வழியில்லை. இன்று 64 பிட். இன்டெல் சொல்லும் வரம்பு 16 ஜிபி. என்270இன் சில்லு ஏறக்குறைய 25 சதுர மில்லிமீட்டர்தான். விரல் நகத்தைவிடச் சிறிய அந்தப் பரப்பில் 4 கோடியே 70 லட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. மொத்தமாக வாங்கும் தயாரிப்பாளர்களுக்கு அதன் பட்டியல் விலை 44 டாலர்.

மின்சாரக் கணக்கை மட்டும் மேலோட்டமாகப் பார்க்கக் கூடாது. என்270க்கு 2.5 வாட், என்100க்கு 6 வாட் என்றுதான் தாளில் இருக்கிறது. பழையது சிக்கனமானது என்றே தோன்றும். ஆனால் அன்றைய செயலி தனியாக எதையும் செய்யவில்லை. திரையில் படம் காட்டவும் ரேமை நிர்வகிக்கவும் 945ஜிஎஸ்இ என்ற சில்லு பக்கத்தில் இருக்க வேண்டும். வன்தட்டையும் யூஎஸ்பியையும் கவனிக்க இன்னொரு சில்லு வேண்டும். செயலியைவிட இந்தத் துணைச் சில்லுகள் இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரம் தின்றன. நெட்புக் என்று அழைக்கப்பட்ட அன்றைய குட்டி மடிக்கணினியில் விசிறி சுழன்றதென்றால், செயலியைக் காட்டிலும் அதன் துணைகளுக்காகத்தான் பெரும்பாலும் சுழன்றது. என்100இல் கிராபிக்ஸ், ரேம் கட்டுப்பாடு, யூஎஸ்பி எல்லாம் ஒரே பொதிக்குள் அடக்கம். அந்த 6 வாட் கணக்கில்தான் இத்தனையும் நடக்கின்றன. விசிறியே இல்லாமல், சத்தமில்லாமல் ஓடும் மலிவு மடிக்கணினி இப்போது சாதாரணமாகிவிட்டது.

இதிலும் ஒரு மாற்றத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். என்270க்கு 1.6 என்றால் 1.6தான், எந்த நிறுவனத்தின் நெட்புக்கில் இருந்தாலும் வேலை ஒரே மாதிரி நடக்கும். என்100 அப்படி இல்லை. 3.4 என்பது அது தொடக்கூடிய உச்சம். எத்தனை நேரம் அங்கே நிற்கும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. 6 வாட்டுக்கு மேல் எவ்வளவு தரலாம் என்பதை மடிக்கணினி தயாரிப்பாளரே நிர்ணயிக்கிறார். ஒரே பெயர் பொறித்த இரண்டு கணினிகள் அரை மணி நேரக் கனமான வேலையில் வேறு வேறு வேகம் காட்டலாம். செயலியின் பெயர் அன்று முழு உண்மையைச் சொன்னது. இன்று பாதியைச் சொல்கிறது.

கோர்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய வேறுபாடு, கோர் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. என்270 கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்தது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் பையில் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தால், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிற அத்தனை பேரும் காத்திருப்பார்கள் அல்லவா, அதே கதைதான். ஒரு கட்டளை ரேமிலிருந்து தகவல் வரக் காத்திருந்தால், அதற்குப் பின்னால் தயாராக நிற்கும் கட்டளைகளும் சும்மா நிற்கும். ஒரே கோருக்கு இரண்டு த்ரெட் கொடுத்ததன் காரணமே அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை ஓரளவு பயன்படுத்திக்கொள்வதுதான். 2013இல் வந்த ‘சில்வர்மான்ட்’ வடிவமைப்போடு ஆட்டம் குடும்பத்தில் இந்த நிலை மாறியது. தயாராக இருக்கும் கட்டளையை முன்னால் விட்டு, காத்திருப்பதைப் பிறகு முடிக்கும் முறை வந்தது. என்100இல் இருக்கும் ‘கிரேஸ்மான்ட்’ கோர் அதே பாதையில் வெகுதூரம் போய்விட்டது. 256 கட்டளைகளை ஒரே நேரத்தில் பார்வையில் வைத்துக்கொண்டு, எதை முதலில் முடிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கிறது.

பழைய முறைக்கும் ஒரு நன்மை இருந்தது; அதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளிவந்து கணினி உலகமே பதறியது. அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலை செய்யும் செயலிகளின் பலவீனம் அது. 2013க்கு முந்தைய ஆட்டம் செயலிகள் அந்தப் பட்டியலில் இல்லை. விலை உயர்ந்த செயலிகளுக்கெல்லாம் வேகத்தைக் குறைக்கும் திருத்தங்கள் தேவைப்பட்டபோது, மெதுவாக, வரிசை தப்பாமல் வேலை செய்த அந்தச் சின்னச் சில்லு தப்பித்தது.

ஒட்டுமொத்தத் திறனை எண்ணில் சொன்னால் இடைவெளி திகைக்க வைக்கும். பாஸ்மார்க் சோதனையில் என்270 எடுக்கும் மதிப்பெண் 200ஐ எட்டாது. என்100 5,000ஐத் தாண்டுகிறது. இருபத்தைந்து மடங்குக்கும் மேல். இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். 2017 வாக்கில் இடைத்தர மடிக்கணினிகளில், என்100 கணினியைப்போல் இரு மடங்கு விலைக்கு விற்றவற்றில், ஐ5-7200யு என்ற இரண்டு கோர் செயலி இருந்தது. இன்றைய என்100 பல கோர் வேலைகளில் அதை முந்துகிறது. அன்றைய நெட்புக் தன் காலத்து நல்ல மடிக்கணினிக்குப் பல படி கீழே இருந்தது. இன்றைய மலிவுக் கணினி, என்100 வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முந்தைய நல்ல கணினிக்குச் சமமாக நிற்கிறது. குறைந்த விலைக்கு வாங்குகிறவருக்கு இது பெரிய நியாயம்.

நெட்புக் என்ற ரகம் எந்தச் சூழலில் பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த நியாயத்தின் மதிப்பு புரியும். 2007 அக்டோபரில் ஏசஸ் நிறுவனம் ‘ஈ பிசி 701’ஐக் கொண்டுவந்தது. ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு, லினக்ஸ். உள்ளே 900 மெகாஹெர்ட்ஸ் செலரான். அதையும் 630இல் மட்டுப்படுத்தி ஓட்டினார்கள். விலை 399 டாலர். அது விற்ற வேகத்தைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் இறங்கின. அடுத்த ஆண்டு என்270 வந்ததும் ஏசர் ஆஸ்பயர் ஒன், சாம்சங் என்சி10 என்று வரிசையாக வந்தன. விண்டோஸ் எக்ஸ்பியின் விற்பனையை நிறுத்தவிருந்த மைக்ரோசாப்ட், இந்தக் குட்டிக் கணினிகளுக்காக மட்டும் அதை நீட்டித்தது. கூடவே நிபந்தனையும் வைத்தது. ரேம் 1 ஜிபிக்கு மேல் கூடாது, திரை பெரிதாகக் கூடாது. விலை கூடிய கணினிகளின் சந்தையைக் காப்பதற்காக, மலிவுக் கணினி மலிவாகவே தெரியும்படி வேலி போட்டார்கள். அந்த வேலிக்குள் 1024க்கு 600 என்ற குறுகிய திரையும், பக்கத்தை ஓயாமல் மேலும் கீழும் தள்ளும் பழக்கமும் பலருக்கு முதல் கணினி அனுபவமாயின.

நம் மொழிக்காரர்களுக்கு இன்னொரு படியும் இருந்தது. எக்ஸ்பியில் தமிழ் எழுத்துகள் சரியாக ஒன்றோடொன்று சேர்ந்து தெரிய, கண்ட்ரோல் பேனலில் பிராந்திய அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவ வேண்டும். அப்போது அது விண்டோஸ் குறுந்தகடைக் கேட்பது வழக்கம். நெட்புக்கில் குறுந்தகடு போடும் இடமே கிடையாது. அந்தக் கோப்புகள் வன்தட்டில் ஏற்கெனவே இருந்தால் உண்டு. அதற்குப் பிறகு தமிழில் தட்டச்ச எ-கலப்பை என்ற மென்பொருளை நிறுவி, உலாவியில் தமிழ்த் தளத்தைத் திறந்தால், கொம்பும் காலும் தங்கள் இடத்துக்கு வந்திருக்கும். இன்றைய விண்டோஸில் தமிழ் 99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் போதும். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது. பல வீடுகளுக்குள் முதன்முதலாக ஒரு கணினி நுழைந்தது அப்போதுதான். மலிவுச் செயலியின் தரம் இங்கே தொழில்நுட்ப ஆர்வலரின் பொழுதுபோக்கு விவாதம் அல்ல; ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் வேகத்தின் எல்லை அது.

படம் பார்ப்பதில் மாற்றம் கண்கூடு. யூடியூப் 720பி காட்சிகளை 2008 இறுதியில் தரத் தொடங்கியது. என்270இன் துணைச் சில்லில் அந்த வகை வீடியோவைப் பிரித்துக் காட்டத் தனி வசதி இல்லை. முழுச் சுமையும் அந்த ஒற்றைக் கோர் மேல் விழுந்தது. ஒலி ஓடும், படம் நின்று நின்று நகரும். என்100இல் ஏவி1 உட்பட இன்றைய வீடியோ வடிவங்களைப் பிரிக்கத் தனிப் பகுதியே உண்டு. 4கே காட்சி ஓடும்போதும் கோர்கள் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. இணையவழி வகுப்பு நடக்கும்போதே பக்கத்தில் குறிப்பு எழுத முடிகிறது. இது வெறும் சொகுசு இல்லை. வகுப்பில் உட்கார முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் இருபத்தைந்து மடங்கு வேகம், இருபத்தைந்து மடங்கு குறைவான காத்திருப்பாக மாறவில்லை. இணையப் பக்கங்களின் எடையைத் தொடர்ந்து அளந்து வரும் ‘எச்டிடிபி ஆர்கைவ்’ கணக்குப்படி, 2010 இறுதியில் கணினியில் திறக்கும் ஒரு நடுத்தரப் பக்கம் 500 கிலோபைட்டுக்கும் குறைவு. 2024இல் அது 2.6 மெகாபைட் அளவுக்கு வந்துவிட்டது. ஐந்து மடங்குக்கு மேல். எடை மட்டுமல்ல, அன்று பெரும்பாலும் எழுத்தும் படமுமாக இருந்த பக்கம், இன்று திறக்கும் கணத்தில் ஒரு நிரலையே ஓட்டுகிறது. செயலி சம்பாதித்ததில் கணிசமான பங்கை மென்பொருள் வாடகையாக எடுத்துக்கொண்டது. அன்று 1 ஜிபி ரேமில் எக்ஸ்பியும் உலாவியும் ஒரு சொற்செயலியும் நெருக்கியடித்து ஓடின. இன்று விண்டோஸ் 11 நிறுவுவதற்கே 4 ஜிபி குறைந்தபட்சம். அந்த 4 ஜிபியோடு விற்கும் என்100 கணினியில் நாலைந்து தாவல்கள் திறந்ததும் மூச்சு வாங்குகிறது. குற்றம் செயலியுடையது அல்ல.

இந்த இடத்தில்தான் மலிவுக் கணினியின் கதை திரும்புகிறது. அன்று செயலிதான் தடையாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளத் தக்கவை. இன்று செயலி போதுமானது. அதைச் சுற்றியுள்ளவை தடையாகிவிட்டன.

அன்றைய நெட்புக்குகளில் பலவற்றைக் கவிழ்த்துப் போட்டால் அடிப்பக்கத்தில் ஒரு சிறு மூடி தெரியும். ஒன்றிரண்டு திருகுகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும். உள்ளே ஒற்றை டிடிஆர்2 ரேம் பட்டை. இருபுறமும் அதைப் பிடித்திருக்கும் சிறு உலோகக் கொக்கிகளை விரலால் விலக்கினால் பட்டை சாய்வாக மேலெழும். 1 ஜிபியை எடுத்து 2 ஜிபியைச் சொருகி, அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். பக்கத்திலேயே சாதாரண இரண்டரை அங்குல வன்தட்டு. பேட்டரியைக் கழற்றத் திருகுளிகூட வேண்டாம். இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வரும். பேட்டரி நலிந்தால் வேறொன்று வாங்கி மாட்டிக்கொள்வார்கள். செயலி மட்டும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அதை மாற்ற முடியாது.

என்100 பொருத்திய இன்றைய மடிக்கணினியில் செயலி மட்டுமல்ல, பல மாடல்களில் ரேமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மிக மலிவானவற்றில் சேமிப்புகூட இஎம்எம்சி சில்லாகப் பலகையிலேயே ஒட்டியிருக்கிறது. 2014இல் 199 டாலருக்கு வந்த எச்பி ஸ்ட்ரீம் 11இல் 2 ஜிபி ரேமும் 32 ஜிபி இஎம்எம்சியும் இருந்தன. சில ஆண்டுகளில் விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகளுக்கு இடம் போதாமல் அந்த ரகக் கணினிகள் திணறின. பெருக்க வழியில்லை. செயலி உழைக்கத் தயாராக இருந்தும் கணினி பயனற்றுப் போனது. பேட்டரி இன்று உள்ளே இருக்கிறது. அடிமூடி முழுவதையும் ஓரம் ஓரமாக நெம்பிக் கழற்றினால்தான் கைக்கு எட்டும். மெலிதாகவும் எடை குறைவாகவும் கணினி வந்ததற்கு நாம் தந்த விலை இது. என்100 செயலி ரேம் பட்டைக்கு இடம் தரவும் வல்லது; சில மாடல்களில் அந்த இடம் இருக்கவும் செய்கிறது. இருக்கிறதா இல்லையா என்பது தயாரிப்பாளரின் முடிவு.

ஆகவே வாங்கும் முறையும் மாறியாக வேண்டும். அன்று கடையில் கேட்கும் கேள்வி எளிது: எத்தனை கிகாஹெர்ட்ஸ், ரேம் எவ்வளவு, வன்தட்டு எவ்வளவு. இன்று பெயர்களே புதிர். 1998 முதல் மலிவுச் செயலிக்கு அடையாளமாக இருந்த ‘செலரான்’ பெயரை இன்டெல் 2023இல் மடிக்கணினிகளிலிருந்து எடுத்துவிட்டு, வெறும் ‘இன்டெல் பிராசசர்’ என்று போடத் தொடங்கியது. ஏஎம்டியின் ரைசன் 3 7320யு என்ற பெயரில் முதல் இலக்கம் 2023ஆம் ஆண்டு வரிசையைக் குறிக்கும். உள்ளே இருக்கும் ஜென் 2 கோர் 2019இல் வந்த வடிவமைப்பு என்பது மூன்றாம் இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

ஒரே விலைத் தட்டில் என்100உம் இந்த ரைசனும் எதிரெதிரே நிற்கும்போது, ரைசன் 3 வேகத்தில் கணிசமாக முன்னே இருக்கிறது: நான்கு கோர், எட்டு த்ரெட், 4.1 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அதன் அடிப்படை மின் அளவு 15 வாட். அதன் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்ட வகை. வாங்கும் நாளில் 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான். நிரல் எழுதக் கற்பவர், பல வேலைகளை ஒரே நேரத்தில் திறந்து வைப்பவர், அதில் 8 அல்லது 16 ஜிபி மாடல் கிடைத்தால் அதை எடுப்பது லாபம். படிப்பு, எழுத்து, வீடியோ, கடைக்கணக்கு என்று நிற்பவருக்கு, ரேம் மாற்ற இடமும் எஸ்எஸ்டியும் உள்ள என்100 கணினி நீண்ட நாள் உழைக்கும். இரண்டில் எதுவானாலும், 4 ஜிபி ரேமைப் பலகையோடு பற்றவைத்த மாடலைத் தொடக் கூடாது. இன்று செயலியின் பெயரைவிட இந்த ஒரு வரி முக்கியம்.

என்270இன் ஆயுள் எவ்வளவு நீண்டது என்பதைப் பார்த்தால், பாகங்களை மாற்ற முடிவதன் அருமை தெரியும். 32 பிட் கணினிகளைப் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோதும் லினக்ஸ் உலகம் அவற்றை ஏந்திப் பிடித்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்புதான் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைத் தருவதை நிறுத்தியது. அதே ஆண்டு இறுதியில் பயர்பாக்ஸின் வழக்கமான பதிப்பும் 32 பிட் லினக்ஸை விட்டு விலகியது. பதினேழு ஆண்டுகள். அத்தனை ஆண்டு ஒரு நெட்புக் ஓடியிருந்தால், அதன் செயலி வேகமானது என்பதால் ஓடவில்லை. ரேமை இரட்டிப்பாக்க முடிந்தது, வன்தட்டை எஸ்எஸ்டியாக மாற்ற முடிந்தது, பேட்டரியைக் கழற்றி மாட்ட முடிந்தது, அதனால் ஓடியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரிச் சட்டம், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வருகிறது. 2008இல் ஏறக்குறைய எல்லா நெட்புக்கிலும் இயல்பாக இருந்த ஒன்றை மீட்க, சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. இன்றைய செயலியையும் அன்றைய அடிமூடியையும் ஒரே கணினியில் சேர்க்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. பேட்டரிக்குச் சட்டம் வந்ததுபோல், ரேமுக்கும் சேமிப்புக்கும் வாங்குகிறவர்கள்தான் கடையில் கேட்டாக வேண்டும். எத்தனை கோர் என்று கேட்கும் அதே மூச்சில், ரேமை மாற்ற முடியுமா, எஸ்எஸ்டியை மாற்ற முடியுமா என்றும் கேட்க வேண்டும். முடியாது என்று பதில் வந்தால், இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கிய அந்தக் கணினி உண்மையில் மலிவானது அல்ல.